தோட்டாவுக்கு ஏற்ற மருந்து எது?

ஒரு கிராம் காய்ந்த விறகு முழுவதுமாக எரிந்தால் ஏறத்தாழ 4,000 கலோரி வெப்பம் தருகிறது. ஒரு கிராம் துப்பாக்கி மருந்து எரிந்தால் கிடைப்பதோ சுமார் 900 கலோரிதான். அப்படியானால் ஒரு சிட்டிகை மருந்து குண்டைப் பல நூறு மீட்டர் தூரம் பாய்ச்சுகிறதே, அடுப்பில் எரியும் விறகு ஒரு சட்டியைக்கூட அசைப்பதில்லையே, ஏன்?

விறகு எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். அது வந்து சேரும் வேகத்தில்தான் விறகு எரியும். துப்பாக்கி மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுகளுக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகையால் மூடிய உறைக்குள்ளும் அது எரியும். ஒரு கிராம் மருந்து ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயுவாக மாறிவிடும். அந்த வாயுவின் வெப்பமோ ஏறத்தாழ 2,500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். ஆகவே துப்பாக்கி மருந்தின் பெருமை அது தரும் வெப்பத்தின் அளவில் இல்லை. அந்த வெப்பத்தைத் தரும் வேகத்தில் இருக்கிறது.

அந்த வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 'வேகம் கூடக்கூட நல்லது' என்று எண்ணிவிடக் கூடாது. அளவுக்கு மீறிய வேகம் குண்டைத் தள்ளுவதற்குப் பதிலாகத் துப்பாக்கியையே பிளந்துவிடும். இதை நன்கு விளக்கும் ஓர் எடுத்துக்காட்டு, குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்காக மலிவான தோட்டா தயாரிப்போர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும்.

சுட்ட தோட்டாவுக்கு மறு வாழ்வு

ரைபிள் தோட்டா ஒன்றில் நான்கு பகுதிகள் உண்டு. பித்தளையாலான உறை, அதன் அடியில் பொருத்தப்பட்ட, அடித்தால் தீப்பொறி கக்கும் சிறு கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டபின் மருந்தும் கேப்பும் தீர்ந்துவிடுகின்றன, குண்டு போய்விடுகிறது. நான்கிலும் விலை மிகுந்த பித்தளை உறை மட்டும் கையில் தங்குகிறது. அதைப் பழைய அளவுக்குச் சரிப்படுத்தி, புதிய கேப், மருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தினால் அது மீண்டும் தோட்டாவாகும். ஓர் உறையைப் பல முறை இவ்வாறு பயன்படுத்தலாம்.

அமெரிக்காவில் இது நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. 1880களில் எல்லைப்புறக் கோட்டைகளில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் பயிற்சித் தோட்டாக்களைத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்ள இராணுவம் கருவிகளை வழங்கியது. 1884இல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாநிலத்தில் 'ஐடியல்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இதற்கான கைக்கருவிகளைப் பொதுமக்களுக்கு விற்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், தேவைக்கு மேல் தங்கிவிட்ட இராணுவ மருந்தை கான்சாஸ் மாநிலத்துப் புரூஸ் ஹாட்ஜ்டன் அரசிடமிருந்து மொத்தமாக வாங்கி, குறைந்த விலையில் விற்கத் தொடங்கினார். '4895' என்ற எண்ணால் அழைக்கப்பட்ட அந்த மருந்து, சிறு வருவாய்க்காரர்களுக்கும் பயிற்சியை எட்டும்படி செய்தது.

இன்று அந்நாட்டுக் கடைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட வகை மருந்துகள் விற்கப்படுகின்றன. பெரும்பாலானவை சாம்பல் நிறமுள்ள சிறு மணிகள், தட்டுகள் அல்லது குச்சிகள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மருந்துகள் செயலில் முற்றிலும் வேறாக இருக்கலாம். ஏன் இத்தனை வகை? ஒரே மருந்து எல்லாத் துப்பாக்கிக்கும் போதாதா? இதற்கு விடை காண, குழலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆயிரத்தில் ஒரு விநாடி

1906ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட '30-06' என்னும் ரைபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். இதன் குழல் விட்டம் 7.62 மில்லி மீட்டர். உறைக்குள் ஏறத்தாழ 3 கிராம் மருந்து கொள்ளும். 9.7 கிராம் எடையுள்ள குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 835 மீட்டர். குண்டு குழலைக் கடக்க எடுக்கும் நேரம் ஆயிரத்தில் ஒரு விநாடி அளவே. மருந்தின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குண்டுக்குப் போகிறது; மீதம் பெரும்பாலும் சூடான வாயுவோடு வெளியேறுகிறது; ஒரு பகுதி குழலைச் சூடாக்குகிறது.

இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர் அமைப்பு விதித்துள்ள அழுத்த உச்சவரம்பு, சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு. இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் 4,000 மடங்குக்கும் மேல். நம் சமையலறைப் பிரஷர் குக்கருக்குள் இருப்பது இரண்டு மடங்குதான் என்றால், ரைபிளின் எஃகு எதைத் தாங்கி நிற்கிறது என்பது விளங்கும்.

இங்கே ஓர் இயற்கை விதி குறுக்கிடுகிறது. துப்பாக்கி மருந்து எரியும் வேகம் ஒரே நிலையில் இருப்பதில்லை. அழுத்தம் உயர உயர அதுவும் உயர்கிறது. பிரெஞ்சு வேதியியலார் பால் வியேயின் பெயரால் இவ்விதி வழங்குகிறது. திறந்த தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் புகையற்ற மருந்து சோம்பலாகச் சுடர்விட்டு எரியும். அதே மருந்தை உறைக்குள் அடைத்தால், வாயு அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தம் எரிதலை விரைவுபடுத்துகிறது. விரைந்த எரிதல் மேலும் வாயுவைத் தருகிறது. ஒன்றையொன்று தூண்டும் இந்தச் சுழலைத் தடுப்பது எது? முன்னே நகரும் குண்டுதான். குண்டு நகர நகர அதன் பின்னால் இடம் பெருகுகிறது, அழுத்தம் தணிகிறது.

ஆகவே குழலுக்குள் நடப்பது ஒரு பந்தயம். ஒரு பக்கம் வாயு உண்டாகும் வேகம். மறுபக்கம் இடம் பெருகும் வேகம். இரண்டும் ஒத்துப் போனால் குண்டு சீராகத் தள்ளப்படும். வாயு முந்திவிட்டால் எஃகு பிளக்கும். வாயு பிந்திவிட்டால் குண்டுக்குப் போதிய விசை கிடைக்காது. எரியாத மருந்து குழலில் தங்கிவிடும்.

பூந்தியும் ஓமப்பொடியும்

பழைய கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை. அது எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். அதுதான் அந்நாளையப் போர்க்களத்தை மறைத்த வெண்புகை. 1846இல் ஷோன்பைன் பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் தோய்த்து நைட்ரோ செல்லுலோஸ் உண்டாக்கினார். புகை இல்லை, ஆனால் வேகத்தை அடக்க முடியவில்லை. 1847இல் இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் நகரில் அதைத் தயாரித்த ஆலை வெடித்துப் பலர் மாண்டனர். 1884இல் வியே அதைக் கரைப்பான்களில் ஊறவைத்துக் கூழாக்கி, தகடாகத் தேய்த்து, சிறு வில்லைகளாக வெட்டினார். பஞ்சின் நுண்துளைகள் மறைந்தன. தீ உள்ளே புக வழியின்றி, மேற்பரப்பிலிருந்து படலம் படலமாக எரியத் தொடங்கியது. புகையற்ற மருந்து பிறந்தது இவ்வாறுதான்.

மேற்பரப்பு மட்டுமே எரிகிறது என்றால், மணியின் அளவும் வடிவமும்தான் வேகத்தை நிர்ணயிக்கும். நம் வீட்டுப் பலகாரங்களைக்கொண்டே இதை விளக்கலாம். பூந்தி போன்ற உருண்டை எரியும்போது அதன் மேற்பரப்பு சுருங்கிக்கொண்டே போகும். எனவே தொடக்கத்தில் வாயு மிகுந்தும் முடிவில் குறைந்தும் வரும். ஓமப்பொடி போன்ற குச்சியும் அப்படித்தான். ஆனால் அக்குச்சியின் நடுவே நெடுகத் துளையிட்டால், வெளிப்புறம் சுருங்கும் அளவுக்குத் துளையின் உட்புறம் விரிகிறது. எரியும் பரப்பு ஏறத்தாழ மாறாமல் இருக்கும். பல துளைகள் இட்டால் பரப்பு கூடிக்கொண்டே போகும். அதாவது, குண்டு விலகி இடம் பெருகப் பெருக, வாயுவும் பெருகும். அமெரிக்கத் தளபதி தாமஸ் ராட்மன் 1860ஆம் ஆண்டையொட்டிப் பீரங்கிகளுக்காகக் கண்ட உத்தி இது.

உருண்டை மருந்துக்கு வேறொரு வழி உண்டு. எரிதலைத் தாமதிக்கும் ஒரு வேதிப்பொருளை மணியின் மேலடுக்கில் ஊறச் செய்கிறார்கள். முதலில் அந்த அடுக்கு மெதுவாக எரிகிறது. பிறகு உள்ளடுக்கு விரைந்து எரிகிறது. இந்த உருண்டை மருந்தை 1930களில் அமெரிக்காவில் ஃபிரெட் ஓல்சன் உருவாக்கினார்.

வேகமும் மந்தமும்

இப்போது முன் கேட்ட கேள்விக்கு வருவோம். 12 போர் வேட்டைத் துப்பாக்கியின் குழல் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லி மீட்டர். ரைபிள் குழலோடு ஒப்பிட்டால் அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 6 மடங்கு. ஒரு சென்டி மீட்டர் நகர்வதற்குள் பின்னே 6 மடங்கு இடம் திறந்துவிடும். அங்கே விரைவாக எரியும் மருந்தே தேவை. குட்டைக் குழலும் சிறிய உறையும் உள்ள கைத்துப்பாக்கிக்கும் அப்படியே. பெரிய உறை, ஒடுங்கிய குழல், கனமான குண்டு என்று அமைந்த ரைபிளுக்கோ மந்தமான மருந்து வேண்டும். தெருவில் நின்றுவிட்ட காரை ஓங்கி உதைத்து நகர்த்த முடியாது. தோள் கொடுத்துத் தொடர்ந்து தள்ளினால் நகரும் அல்லவா? அதுபோலத்தான்.

கைத்துப்பாக்கி மருந்தை ரைபிள் உறை நிறையக் கொட்டிச் சுட்டால், குண்டு சில சென்டி மீட்டர் நகர்வதற்குள் அழுத்தம் எஃகின் தாங்கும் திறனைக் கடந்துவிடும். சுடுபவரின் கண்ணும் கையும் போகும், உயிரும் போகலாம். ஆகவே மருந்தில் 'வலிமையானது', 'வலிமையற்றது' என்று பாகுபடுத்துவதைவிட, 'இந்தத் தோட்டாவுக்குப் பொருந்துவது', 'பொருந்தாதது' என்று பிரிப்பதே சரி.

மலிவில் மறைந்திருக்கும் ஆபத்து

பயிற்சித் தோட்டாவுக்கு முழு வேகம் தேவையில்லை. 50 அல்லது 100 மீட்டர் தூரத்தில் உள்ள அட்டையில் துளையிட்டால் போதும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் குண்டின் ஆற்றல் கால் பங்காகிவிடும். தோளில் விழும் அடி குறையும்; குழல் தேய்மானம் குறையும். செப்பு உறையிட்ட விலையுயர்ந்த குண்டுக்குப் பதிலாக, ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டைப் பயன்படுத்தலாம். ஈயம் மென்மையானது, மிகுந்த வேகத்தையும் வெப்பத்தையும் தாங்காது. எனவே குறைந்த அழுத்தமே அதற்கும் ஏற்றது.

மருந்திலும் சிக்கனம் கிடைக்கிறது. ஒரு பவுண்டு மருந்து என்பது 7,000 கிரெயின். ஒரு தோட்டாவுக்கு 50 கிரெயின் என்றால் 140 தோட்டாக்கள் ஆகும். விரைவாக எரியும் மருந்தில் அதன் கால் பங்கு போதும் என்றால், அதே பவுண்டில் 560 தோட்டாக்கள் ஆகும். கணக்கு இனிக்கிறது. ஆனால் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

பெரிய உறையின் அடியில் கொஞ்சம் மருந்து கிடக்கிறது. கவனப் பிசகால் அதே உறையில் இரண்டாம் முறையும் மருந்து ஊற்றிவிட்டால் என்ன ஆகும்? உறை வழிவதில்லை, கண்ணுக்கும் எளிதில் தெரிவதில்லை. விரைவு மருந்தில் அளவு இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதோடு நிற்காது. அழுத்தம் எரிதலைத் தூண்ட, எரிதல் அழுத்தத்தைத் தூண்ட, பலமடங்கு ஏறிவிடும். ஓராயிரம் தோட்டாவில் ஒன்று இப்படி அமைந்தாலே போதும்.

'அப்படியானால் மந்த மருந்தையே எடுத்து, அளவை வெகுவாகக் குறைத்துவிடலாமே' என்று தோன்றும். அதுவும் ஆபத்தே. குறைந்த அழுத்தத்தில் மந்த மருந்து சரியாகப் பற்றாது. கேப்பின் தீ, படுத்துக் கிடக்கும் மருந்தின் மேலாக ஓடிவிடும். குண்டு குழலின் தொடக்கத்தில் சிக்கி நின்றுவிடலாம். நின்றது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். இன்னும் வியப்பானது, மிகக் குறைந்த அளவு மந்த மருந்து இட்ட ரைபிள்கள் சில வேளைகளில் சிதறியிருக்கின்றன. இதன் காரணம் பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 'குறைவான மருந்து என்றால் குறைவான ஆபத்து' என்னும் பொது அறிவு இங்கே நம்மைக் கைவிட்டுவிடுகிறது.

தேர்ந்தெடுப்போர் பார்ப்பவை

அனுபவமுள்ளோர் இதற்கு ஒரு நடுவழி கண்டனர். எடை குறைந்து, இடத்தை அதிகம் அடைக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதே அது. ஆஸ்திரேலியாவில் தயாரான ஒரு மருந்து, நடுவில் துளையுள்ள மெதுவடையைச் சிறிதாக்கியதுபோல் இருக்கும். துளையினால் காற்று அதிகம் அடைபடுகிறது. சிறிதளவு மருந்தே உறையின் பெரும்பகுதியை நிரப்பிவிடுகிறது. இரண்டாம் முறை ஊற்றினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். தவறு நேர்ந்தால் தானே தெரியும்படி ஏற்பாடு செய்வது, மனிதனைத் தவறே செய்யாதே என்று எச்சரிப்பதைவிடச் சிறந்த பாதுகாப்பு அன்றோ!

மற்றொரு வழி, நடுத்தர வேகமுள்ள சில மருந்துகளை நாடுவது. மேலே சொன்ன 4895 அப்படிப்பட்டது. அளவைக் குறைத்தபோதும் அது சீராகப் பற்றி எரியும் தன்மையுள்ளது. எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதையும் தயாரிப்பாளரே சோதித்து அறிவித்திருக்கிறார்.

இன்னும் சில பண்புகளும் கருதப்படுகின்றன. உறைக்குள் மருந்து முன்பக்கம் கிடந்தாலும் பின்பக்கம் கிடந்தாலும் குண்டின் வேகம் அதிகம் மாறக் கூடாது. மாறினால் குறி தவறும். அளவுக் கருவியில் தடையின்றி ஓட வேண்டும். உருண்டை மருந்து தண்ணீர்போல் ஓடும். நீண்ட குச்சிகள் குறுக்கே சிக்கிக்கொள்ளும். கோடை வெயிலில் வைத்த தோட்டாவில் அழுத்தம் கூடும். அந்த மாற்றம் சிறிதாக இருப்பது நல்லது. விலை இத்தனைக்கும் பிறகே கவனிக்கப்படும்.

இவற்றை எவரும் ஊகித்துச் செய்வதில்லை என்பது முக்கியம். குழலின் பக்கவாட்டில் அழுத்தமானி பொருத்திச் சுட்டுப் பார்த்து, எந்தத் தோட்டாவுக்கு, எந்தக் குண்டுக்கு, எந்த மருந்து, எந்த அளவு என்று தயாரிப்பாளர்கள் அட்டவணைகள் வெளியிடுகிறார்கள். அட்டவணையில் இல்லாததைச் செய்யக் கூடாது. இரண்டு மருந்துகளைக் கலக்கக் கூடாது. பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் உள்ளதைப் பயன்படுத்தக் கூடாது. மறுநிரப்புக் கலையின் அடிப்படை விதிகள் இவை.

பழைய மருந்து

மலிவு விலையில் கிடைக்கும் பழைய மருந்துக்கு இன்னொரு குறை உண்டு. நைட்ரோ செல்லுலோஸ் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே சிதைந்து, நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். அவை மேலும் சிதைவைத் தூண்டும். டைஃபீனைல் அமீன் போன்ற காப்புப் பொருள்கள் இவ்வாயுக்களை உறிஞ்சிக்கொள்கின்றன. அவை தீர்ந்துபோனால் மருந்து புளித்த அமில நெடி வீசும். செம்பழுப்பு ஆவியும் தூசியும் தோன்றும். தானே தீப்பற்றவும் கூடும். பிரெஞ்சுக் கடற்படை இதற்குப் பெரும் விலை கொடுத்தது. தூலோன் துறைமுகத்தில் 1907இல் 'இயேனா' என்னும் போர்க்கப்பலும், 1911இல் 'லிபெர்ட்டே' என்னும் போர்க்கப்பலும் எதிரியின் குண்டால் அல்ல, தம் கிடங்கில் சிதைந்த மருந்தால் வெடித்து அழிந்தன. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்.

நம் நாட்டில்

இந்தியாவில் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படும் செயல். ஆகவே அமெரிக்காவில் உள்ளதுபோல் இது இங்கே வீட்டுப் பொழுதுபோக்காக வளரவில்லை. ஆனால் மருந்தின் வேகத்தை அடக்கும் தொழில் நமக்குப் புதிதன்று. நீலகிரியில் குன்னூருக்கு அருகேயுள்ள அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கார்டைட் என்பது 1889இல் ஆபெல், டுவார் என்னும் இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் உருவாக்கிய புகையற்ற மருந்து. கயிறுபோல் இழை இழையாகப் பிழியப்படுவதால் அப்பெயர் பெற்றது. இழையின் தடிப்பை மாற்றினால் எரியும் வேகம் மாறும். மெல்லிய இழை ரைபிளுக்கு, தடித்த இழை பீரங்கிக்கு. திட எரிபொருள் ராக்கெட்டுகளிலும் இதே தத்துவந்தான். எரிபொருளின் நடுவே விடப்படும் துளையின் வடிவத்தைக்கொண்டே உந்துவிசை எந்த நொடியில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் அமைக்கிறார்கள்.

விறகைவிட வெப்பம் குறைந்த ஒரு பொருளை மனிதன் வேலை வாங்கக் கற்றது, அதன் வேகத்தை அளந்து அடக்கக் கற்றபோதுதான். அளவு தெரிந்தவன் கையில் அது கருவி. அளவு தெரியாமல் மலிவை மட்டும் பார்ப்பவனை அது மன்னிப்பதில்லை.